மூக்கக்கா பாஸ் பண்ணிய லோடு

தீவன ஆலையின் வாசலில் பதினெட்டு வருஷம் நின்றவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். லாரி டிரைவரிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் மூக்கக்கா. பார்க்கப்போனால் அது ஒன்றும் பெரிய மூக்கு இல்லை, சப்பை மூக்கு. யாராவது அதைச் சொல்லிச் சீண்டினால், "என் மூக்கை அளக்க வந்தியா, மூட்டையை இறக்க வந்தியா?" என்று கேட்பாள். சீண்டியவன் வாயைப் பொத்திக்கொண்டு தார்ப்பாயைப் பிரிப்பான்.

பெருக்குகிற வேலைக்குத்தான் முதலில் வந்தாள். ஒரு நாள் குடோனைப் பெருக்கிக்கொண்டே போனவள் ஓர் அடுக்கின் முன்னால் நின்றுவிட்டாள். "இதுக்குள்ள ஏதோ ஒண்ணு கெட்டுப்போயிருக்கு" என்றாள். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். பொழுது போகாமல்தான் அடுக்கைப் பிரித்தார்கள். ஆறாவது வரிசையில் ஒரு மூட்டைக்குள் மக்காச்சோளம் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை பிடித்துக் கட்டி கட்டியாக இருந்தது. அப்போதிருந்த மேனேஜர் அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, மூட்டையைக் குத்திப் பார்க்கிற இரும்புக் குழாயைக் கொடுத்தார்.

அவள் வேலை செய்கிற முறையைப் பார்க்கவே புது டிரைவர்கள் கூடி நிற்பார்கள். லாரி மேல் ஏறி, ஓரத்தில் இரண்டு, நடுவில் மூன்று, அடியில் கை போகிற இடத்தில் இரண்டு என்று மூட்டைகளில் குழாயைச் செருகுவாள். வந்து விழுகிற சோளத்தை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, கட்டைவிரல் இடுக்கு வழியாக வாயால் சூடாக ஊதுவாள். பத்து எண்ணுவாள். பிறகு கையைத் திறந்து மூக்கைக் கொண்டுபோவாள். எலி ஓடிய மூட்டை, பூச்சி மாத்திரை அதிகமாகப் போட்ட மூட்டை, ஈரத்தோடு தைத்த மூட்டை எல்லாம் அவளிடம் ஒரே மூச்சில் மாட்டிக்கொள்ளும். பூஞ்சை என்றால் நனைந்த செருப்பை ஒரு வாரம் பூட்டி வைத்துத் திறந்த மாதிரி இருக்கும் என்பாள்.

ஆலையில் ஒரு பரிசோதனை அறையும் இருந்தது. சோளத்தை அரைத்து, ஒரு திரவத்தில் கலக்கி, மெல்லிய பட்டையை நனைத்தால், பூஞ்சை விஷம் இருக்கிறதா இல்லையா என்று கோடு விழும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். வாசலில் ஏழு லாரி நின்றால் ஏழு அரை மணி. அதனால் யாரும் எழுதி வைக்காமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. மூக்கக்கா நல்லது என்றால் சரக்கு நேராக அரவைக்குப் போகும். அவள் முகத்தைச் சுளித்தால் மட்டும் பட்டைப் பரிசோதனை. இந்த வழக்கத்தில் லாரியே நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. பதினெட்டு வருஷமாக அது யார் கண்ணிலும் படவில்லை. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், சும்மா சொல்லக் கூடாது.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு ஆறு. அவனுக்குப் பல் விழுந்ததும் முளைத்ததும், காய்ச்சல் வந்ததும் போனதும் எல்லாம் அவள் மடியில்தான். வந்த வரன்களுக்கெல்லாம், "இவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி, அவன் நிலைக்கு வந்தபோது வரன்கள் வருவது நின்றிருந்தது. அதற்காக அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. அவன் களங்களில் தானியம் பிடித்து ஆலைகளுக்கு விடுகிற தரகன் ஆனான். கல்யாணம் ஆகி, இரண்டு பெண் குழந்தைகள். இந்த ஆலைக்குள் அவனைக் கூட்டிவந்து, "எந்தம்பி சார், நம்பி வாங்கலாம்" என்று சொன்னதும் அவள்தான்.

அதற்காக அவனுக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுச் சொல்ல முடியாது. முதல் வருஷத்திலேயே அவனுடைய மூன்று லோடுகளைத் திருப்பி அனுப்பினாள். "எங்கக்காகிட்ட என் பாச்சா பலிக்காதுப்பா" என்று டீக்கடையில் அவனே பெருமையாகச் சொல்வான். அதைக் காதால் கேட்டால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஒரு மழைக்காலத்தில் அவனிடமிருந்து தொண்ணூறு மூட்டை மக்காச்சோளம் வந்தது. மஞ்சள் சோளத்தில் நூற்றுக்கு ஒன்றாக ஊதா மணி கலந்திருந்தது. கையைத் திறந்ததுமே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பட்டையும் விஷம் என்றே காட்டியது. சரக்கைத் திருப்பி அனுப்புகிற சிவப்புச் சீட்டைக் கிழித்து டிரைவர் கையில் கொடுத்தாள். தம்பிக்குப் போன் போட்டு, "அந்தச் சோளத்தை வேற எங்கயும் தள்ளிடாதடா. எரிச்சுடச் சொல்லு" என்றாள். "சரிக்கா" என்றான்.

மூன்று வாரம் கழித்து, பதினாலாம் தேதி, தம்பி தானே லாரியோடு வந்து இறங்கினான். சோளம் பளபளவென்று இருந்தது. உள்ளங்கையில் பொத்தி ஊதி எண்ணிப் பார்த்தாள். நல்ல உலர்ந்த சோள வாசம். இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை, எல்லாம் அப்படியே. ஆனால் கையில் ஓர் ஊதா மணி கிடந்தது.

"என்னடா, இது அந்தச் சோளம் மாதிரியே இருக்குது?"

"அதே ஊர்ப்பக்கம்தான்க்கா. விதை ஒரே விதை. களம் வேற."

"அந்த லோடு என்னாச்சு?"

"அன்னிக்கே எரிச்சாச்சு. நானே பக்கத்துல நின்னேன்."

அவள் ஒரு நிமிஷம் பரிசோதனை அறையைப் பார்த்தாள். அவன் முகம் சுண்டிப்போனது. "ஏன்க்கா, என் வார்த்தையையும் பட்டை வச்சுப் பாக்கணுமா?" என்று கேட்டான். சுமைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மூக்கும் நல்லது என்கிறது, தம்பியும் நல்லது என்கிறான். பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு லாரியை உள்ளே விட்டாள். வாழ்நாளில் அவள் செய்த தப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கையெழுத்துதான்.

குளத்துப் பக்கம் வாத்து வளர்க்கிற ஒருத்தி இருந்தாள். வாத்துக்காரம்மா என்பார்கள். புருஷன் போன பிறகு வாத்துதான் அவளுக்குக் கஞ்சி ஊற்றியது. ஆலைக் கடையில் தீவன மூட்டையைத் தொடுவதற்கு முன்னால், "இது மூக்கக்கா பாத்ததுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவாள். கடைக்காரன் எரிச்சலோடு, "மூக்கக்கா பாக்காம இங்க காக்காகூட உள்ள வராது" என்பான். அந்த முறை அவளிடம் பொரித்துப் பத்து நாள் ஆன குஞ்சுகள் நானூறு இருந்தன.

மாதக் கடைசியில் ஒரு காலை, வாத்துக்காரம்மா ஆலை வாசலில் கூடையை இறக்கினாள். முட்டை கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து மூக்கக்கா சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கூடை நிறையச் செத்த குஞ்சுகள். கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்துக்கொண்டு, கால்கள் ரத்தம் கட்டிக் கருநீலமாகி விறைத்துக் கிடந்தன.

"நாலு நாளா தீனியே எடுக்கலக்கா. நடந்தா தள்ளாடுதுங்க, விழுதுங்க. நேத்து நூத்தம்பது. இன்னிக்கு விடிஞ்சு பாத்தா எண்ணவே மனசு வரல" என்றாள். அவள் அழவில்லை. மூக்கக்கா குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் கூடையோடு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். டாக்டரம்மா ஒரு குஞ்சைத் தட்டில் வைத்துக் கீறினார். செங்கருப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறிய மஞ்சளாக, அங்கங்கே ரத்தம் கசிந்து இருந்தது. மீதித் தீவனத்தைப் பட்டை வைத்துப் பார்த்தார். கோடு பொய் சொல்லவில்லை.

"பூஞ்சை விஷம்" என்றார் டாக்டரம்மா. "சோளம், கடலை இதுலயெல்லாம் ஒரு பூஞ்சை வளரும். அது வளரும்போது இந்த விஷத்தை உண்டாக்கும். உள்ள போனா நேரா ஈரலுக்குத்தான் போகும். ஈரல் அதைக் கழிச்சு வெளிய தள்ளப் பார்க்கும். அப்படித் தள்ளப் பார்க்கறப்போ அது இன்னும் மோசமா மாறி ஈரலையே அரிச்சுடும். கோழி கொஞ்சம் தாங்கும். வாத்துக்குஞ்சு தாங்கவே தாங்காது. மாடு தின்னா பால்ல வரும். மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல தின்னா, ஈரல்ல புத்துநோய் வரைக்கும் போகலாம்."

"நான் பாத்தேன் டாக்டரம்மா" என்றாள் மூக்கக்கா. "பொத்தி ஊதி ஏழு மூட்டை பாத்தேன். பூஞ்சை வாசமே இல்ல."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "பூஞ்சைக்குத்தான்மா வாசனை. விஷத்துக்கு வாசனையே கிடையாது. பூஞ்சையைத் தேய்ச்சு எடுத்துடலாம், காயவச்சு வாசனையைப் போக்கிடலாம். விஷம் மணிக்குள்ளயே இருக்கும். வறுத்தாலும் முழுசாப் போகாது. அதுவும் எல்லா மணியிலயும் இருக்காது. ஒரு பிடி சுத்தமா இருக்கும், பக்கத்துப் பிடி கொல்லும்."

பதினெட்டு வருஷம். அவள் பிடித்ததெல்லாம் திருடன் விட்டுப்போன செருப்பைத்தான், திருடனை இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்குத் தன் மூக்கின் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து உறுத்தியது. தேய்த்து எடுத்துவிடலாம் என்றாரே. சோளம் ஏன் அப்படிப் பளபளத்தது?

டாக்டரம்மா ஆலைக்குப் போன் செய்து அந்தத் தீவனம் முழுவதையும் நிறுத்தச் சொன்னார். மூக்கக்கா குடோனுக்கு ஓடினாள். அரைபடாமல் நாலு மூட்டை மிச்சமிருந்தது. ஒரு மணியை எடுத்து நகத்தால் பிளந்தாள். மேலே எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு. உள்ளே முளைக் கண்ணில் கருப்பு. பக்கத்தில் ஓர் ஊதா மணி. அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். அவள் கூப்பிடவில்லை, அவனாகவே வந்தான். வந்தவன் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எரிச்சேன்னு சொன்னியேடா."

"எரிக்கத்தான்க்கா போனேன். அங்க ஒருத்தன், பிரஷ் மெஷின்ல போட்டா புதுசாயிடும்னான். தேய்ச்சு, காயவச்சு, லேசா எண்ணெய் காட்டி… அழுக்கு போயிடுச்சுன்னா சரக்கு நல்ல சரக்குதான்னு நெனச்சேன். சத்தியமா விஷம் உள்ளயே இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா."

அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாற்பது வயது ஆம்பளை, மூக்கு ஒழுக. அவளுக்கு உதைக்க வேண்டும் போலவும் இருந்தது, முந்தானையால் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. பாழாய்ப்போன கை இரண்டாவதைத்தான் செய்தது.

"போலீஸ் வரைக்கும் போயிடும்க்கா. என் பொண்ணுங்க ஸ்கூல்ல எப்படித் தலை நிமிரும்? நீ மனசு வச்சா இது ஒண்ணுமில்லாம போயிடும்."

"நான் என்ன பண்ணணும்?"

"உனக்கு மோப்பம் சரியில்லைன்னு சொல்லிடு. வயசாச்சு, தெரியாம பாஸ் பண்ணிட்டேன்னு. யார் உன்னை என்ன பண்ணுவாங்க?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு இருபது நாள் வாசனையே தெரியாமல் போனது உண்மைதான். பயந்து நடுங்கிப்போய் அதை இவன் ஒருவனிடம் மட்டும் சொல்லி அழுதாள். அந்த இருபது நாளும் வந்த லோடு ஒவ்வொன்றையும், சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிப் பட்டைப் பரிசோதனைக்கு அனுப்பிச் சமாளித்தாள். பிறகு மூக்கு திரும்பி வந்தது. உலகத்தில் அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

அவன் போன பிறகு நெடுநேரம் யோசித்தாள். வாத்துக்காரம்மாவின் முகம் வந்து வந்து போனது. தம்பியின் இரண்டு பெண்களின் முகமும் வந்தது. கடைசியில், போகட்டும், என் பேர்தானே என்று முடிவு கட்டினாள். ஐம்பத்து மூன்று வயது. இந்தப் பேரை வைத்துக்கொண்டு இனி யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தனக்குத் தானே ஒரு கேலியும் செய்துகொண்டாள். தன்னைச் சிரிக்க வைக்கத்தான். சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவு மரியாதை அந்த அறையில் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை. மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று டைப் அடித்தது. நுகரும் திறன் குறைந்ததால் தவறுதலாக லோடை அனுமதித்துவிட்டேன், வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடக் கீழே இடம் விட்டிருந்தார்கள்.

"உங்களை யாரும் குத்தம் சொல்லலம்மா" என்றார் மேனேஜர். "உடம்பு, நம்ம கையில இல்ல. உங்க தம்பியே எழுதிக் கொடுத்திருக்காரு, பாருங்க. எவ்வளவு வருத்தப்பட்டு எழுதியிருக்காரு."

இரண்டாவது காகிதம் தம்பியின் கையெழுத்தில் இருந்தது. உருட்டி உருட்டி எழுதுகிற அந்த எழுத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். 'என் அக்காவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மோப்பம் போய்விட்டது. வெளியில் சொல்லாமல் சமாளித்து வருகிறார். உடன்பிறந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும் ஆலையின் நலன் கருதித் தெரிவிக்கிறேன்.'

சுருக்கென்றது. இருந்தாலும் அவனுக்காகத் தனக்குள் வாதாடினாள். நேற்று நம்மிடம் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறான், பயத்தில் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டான், விடு. பேனாவை எடுத்தாள். டைப் அடித்த காகிதத்தில் தேதி போட வேண்டியிருந்தது. என்ன தேதி என்று தெரியாமல், தம்பி என்ன தேதி போட்டிருக்கிறான் என்று அவன் கடிதத்தின் மேல்மூலையைப் பார்த்தாள்.

பதினொன்று என்று இருந்தது. பக்கத்திலேயே ஆலையின் ஊதா முத்திரை, பெறப்பட்டது, அதே பதினொன்று.

லோடு வந்தது பதினாலாம் தேதி. அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு தடவை எண்ணிச் சரியாக வராத மாதிரி மறுபடியும் எண்ணினாள். எப்படி எண்ணினாலும் மூன்று நாள். குஞ்சுகள் சாவதற்கு முன்னால், அவள் பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், லாரி இந்த வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் அவளை விற்று முடித்திருந்தான். லோடு போனால் லாபம். மாட்டினால் அக்கா. விஷம் உள்ளே இருக்கும் என்று தெரியாதாம். தெரியாதவன் எதற்கு மூன்று நாள் முன்னாலேயே பழி போட ஆள் தேடினான்?

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், இந்தக் கடுதாசி உங்ககிட்ட பதினொண்ணாம் தேதியே வந்துடுச்சா?"

மேனேஜர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது… உங்க மரியாதை கெட்டுடக் கூடாதேன்னு உள்ளயே வச்சிருந்தேன்."

"எனக்கு மூக்கு போயிடுச்சுன்னு தெரிஞ்சும் என்னை வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க. அன்னிக்கே எல்லா லோடையும் பட்டை வச்சுப் பாக்கச் சொல்லியிருந்தா அந்த நானூறு குஞ்சும் இருந்திருக்கும்ல?"

"ஒரு லாரிக்கு அரை மணி நேரம்மா. நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" அவர் மென்று விழுங்கினார்.

நடைமுறை! பதினெட்டு வருஷம் இந்த ஆளுகளுக்கு அரை மணியை மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தான் தன் மூக்கு இருந்திருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அவள் டைப் அடித்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் எழுதினாள். 'பதினாலாம் தேதி வந்த லோடு, முன்னே நான் சிவப்புச் சீட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்பிய அதே லோடு. மெஷினில் தேய்த்துக் கொண்டுவந்ததாக என் தம்பியே என்னிடம் சொன்னான். வாசலில் கேட்டபோது பொய் சொன்னான். தம்பி என்பதால் நம்பினேன். பரிசோதனைக்கு அனுப்பாதது என் குற்றம். என் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை.' கீழே, யாரும் கூப்பிடாத தன் முழுப்பெயரை எழுதினாள். இன்னொரு தாள் கேட்டு வாங்கி அதையே அப்படியே மறுபடி எழுதி, டாக்டரம்மாவிடம் கொடுப்பதற்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மேனேஜர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் காதில் விழவில்லை.

வெளியே கேட்டுக்கு இந்தப் பக்கம் தம்பி வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாத்துக்காரம்மா கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுட்டியாக்கா?" என்றான்.

"போட்டேன்."

அவன் பெரிதாக மூச்சு விட்டான். முகம் அப்படியே மலர்ந்துபோனது. "எனக்குத் தெரியும்க்கா, நீ என்னை விட்டுக் கொடுக்க மாட்டே. ஏறு, வீட்ல விடறேன்" என்று சீட்டைக் கையால் தட்டித் துடைத்தான். அந்த மலர்ச்சியைப் பார்த்ததும்தான் இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குக் கண் கலங்கியது.

"பதினொண்ணாம் தேதி அந்தக் கடுதாசியை எங்க உக்காந்துடா எழுதின?"

அவன் கை சீட்டிலேயே நின்றுவிட்டது. பொய் ஒன்று தேடினான், அவசரத்துக்கு அகப்படவில்லை போலிருக்கிறது.

"உன் வீட்லதான்க்கா" என்றான். "நீ உள்ள எனக்கு டீ போட்டுட்டு இருந்தே."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கேட்டைத் தாண்டிப் போய் வாத்துக்காரம்மாவின் பக்கத்தில் நின்று, "எந்திரி. டாக்டரம்மாவைப் பாத்துட்டு, அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிட்டு வந்துடலாம். வழியில உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள்.